சுருண்ட கவசம்: ஆர்மர்டு ஆர்மடில்லோவை வெல்வது எப்படி

ஆட்டத்தின் நாயகன் எக்ஸின் கைப்பீரங்கி முழுக்கச் சார்ஜ் ஆகி, பெரிய ஒளிக்குண்டு ஒன்று அறையின் குறுக்கே பாய்கிறது. எதிரே நிற்கும் இயந்திர ஆர்மடில்லோ இடத்தை விட்டு நகரவில்லை. கவசத்தை முன்னால் கொண்டுவந்து உடம்பை மூடிக்கொள்கிறது. ஒளிக்குண்டு அதில் பட்டு மறைகிறது. அடுத்த கணம் விழுங்கிய ஆற்றலெல்லாம் சிறு குண்டுகளாகச் சிதறி அறையெங்கும் பறக்கிறது. அவற்றில் ஒன்று எக்ஸின் மேல் விழ, உயிர்க்கோடு குறைகிறது. இந்த அறைக்குள் முதன்முறை நுழைபவர் தான் சுட்ட குண்டாலேயே அடிபடுவது இப்படித்தான்.

கேப்காம் நிறுவனத்தின் ‘மெகா மேன் எக்ஸ்’ ஜப்பானில் 1993 டிசம்பரில் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. 1987-ல் தொடங்கிய மெகா மேன் வரிசையின் அடிப்படை விதி இதிலும் மாறவில்லை. எட்டு ஸ்டேஜ்கள், எட்டு பாஸ்கள். எந்தப் பாஸை முதலில் எதிர்கொள்வது என்பது ஆடுபவரின் விருப்பம். வென்ற பாஸின் ஆயுதம் எக்ஸுக்குச் சொந்தமாகும்; அந்த ஆயுதம் வேறொரு பாஸின் பலவீனமாக இருக்கும். அந்த எட்டுப் பேரில், சுரங்கத்தைத் தன் கோட்டையாக வைத்திருப்பதுதான் ஆர்மர்டு ஆர்மடில்லோ. ஆட்டத்தின் கடைசிப் பகுதியான, தலைமை வில்லன் சிக்மாவின் கோட்டையில் இது மறுபடியும் வழிமறிக்கும். அங்கே அது பெரிய பாஸுக்கு முன்னால் வரும் இடைநிலை எதிரி மட்டுமே. முதல் சந்திப்பில் இதை ஒழுங்காகப் படித்துக்கொண்டவருக்கு இரண்டாம் சந்திப்பு சில நொடிகளில் முடிந்துவிடும்.

விலங்கைப் பற்றி முதலில் கொஞ்சம். ஆர்மடில்லோக்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டும் உரியவை. ஏறத்தாழ 20 இனங்கள் உண்டு. தோலுக்குள் விளையும் எலும்புத் தகடுகளும் அவற்றின்மேல் படர்ந்த கடினமான மேல்தோலும் சேர்ந்ததுதான் அவற்றின் ஓடு. ஆர்மடில்லோ என்றாலே பந்தாகச் சுருளும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முழுப் பந்தாகச் சுருளக்கூடியவை மூன்று பட்டை ஆர்மடில்லோ வகையின் 2 இனங்கள் மட்டுமே. அவற்றில் பிரேசிலில் வாழும் இனம்தான் 2014 உலகக் கோப்பைக் கால்பந்தின் சின்னமான ஃபுலேகோ. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அதிகம் தென்படும் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ சுருளாது. திடுக்கிட்டால் நேராக மேலே துள்ளும். காரின் அடியில் மாட்டி அது சாவதற்கு இந்தத் துள்ளலும் ஒரு காரணம்.

சுருளும் இனங்களும் சுருண்ட பிறகு எங்கும் உருண்டோடுவதில்லை. மூடிக்கொண்டு அப்படியே கிடக்கும். நம் ஊர்க் காடுகளில் இருக்கும் அழுங்கும் இதையேதான் செய்கிறது, அது முற்றிலும் வேறு குடும்பம் என்றாலும். ஆக, ஓடு என்பது இயற்கையில் தற்காப்பு மட்டும். சுருண்டு, உருண்டு, வந்து மோதும் ஆர்மடில்லோ வீடியோ கேம்களின் கற்பனை. அந்தக் கற்பனை பல கேம்களுக்குப் பிடித்துப்போனது. 1993-ல் வந்த ‘செகாசோனிக் தி ஹெட்ஜ்ஹாக்’ ஆர்கேட் கேமில் மைட்டி என்ற ஆர்மடில்லோ கதாநாயகர்களில் ஒருவன். 1994-ன் ‘டாங்கி காங் கன்ட்ரி’யில் ஆர்மி என்ற ஆர்மடில்லோ சாதாரண எதிரி. 1999-ன் ‘டாங்கி காங் 64’-ல் ஆர்மி டில்லோ ஒரு பாஸாகவே வளர்ந்துவிட்டது. ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு தாக்கும் அதை வெடிபீப்பாய் எறிந்து வீழ்த்த வேண்டும். இவையெல்லாவற்றிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: ஓடு எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது?

மெகா மேன் எக்ஸ் அந்தக் கேள்வியைத்தான் ஆடுபவரின் கையில் ஊறிப்போன பழக்கத்துக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து எக்ஸின் மிகப் பெரிய பலம் சார்ஜ் குண்டு. பட்டனை அழுத்திப் பிடித்து, ஒளி திரண்டதும் விட்டால் போதும், பெரிய எதிரிகூடச் சாயும். சார்ஜ் ஆனவுடன் விட்டுவிட வேண்டும் என்று விரல் பழகிவிடுகிறது. ஆர்மடில்லோ அறையில் அந்தப் பழக்கம்தான் பகை.

அறைக்குப் போவதற்கு முன் போகும் வரிசையைப் பார்க்க வேண்டும். எட்டில் எதையும் முதலில் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும், புதிதாக ஆடுபவருக்கு ஏற்ற தொடக்கம் சில் பெங்குவின்தான். அதன் பனி ஸ்டேஜில், நடக்கும் வழியிலேயே, எக்ஸை உருவாக்கிய விஞ்ஞானி டாக்டர் லைட்டின் கேப்சூல் இருக்கிறது. அதைத் தவறவிடவே முடியாது. அதில் ஏறினால் கால் கவசம் கிடைக்கும், கூடவே டாஷ் என்ற வேக ஓட்டமும். டாஷ் இல்லாமல் ஆர்மடில்லோவின் சுரங்கத்துக்குள் போகவே கூடாது. பெங்குவினை வென்றால் ஷாட்கன் ஐஸ் கைக்கு வரும். அது மின்நிலையத்தில் இருக்கும் ஸ்பார்க் மாண்ட்ரிலை அடித்த இடத்தில் உறையவைக்கும். மாண்ட்ரிலை வென்றால் கிடைப்பது எலக்ட்ரிக் ஸ்பார்க், ஆர்மடில்லோவின் ஓட்டை உரிக்கும் ஆயுதம். ஆகவே பெங்குவின், மாண்ட்ரில், ஆர்மடில்லோ என்ற வரிசையில் போவதே சிறந்த வழி.

மாண்ட்ரிலின் மின்நிலையத்தில் தரையில் ஓடும் மின்சாரம் கலக்கத்தைத் தருமானால் அதற்கும் ஒரு வழி உண்டு. ஸ்டார்ம் ஈகிளை முதலில் வீழ்த்திவிட்டால், அதன் விமானக் கப்பல் மின்நிலையத்தின்மேல் விழுந்துவிடும். பிறகு அங்கே அந்த மின்சாரத் தொல்லை இருக்காது. ஒரு பாஸின் தோல்வி இன்னொரு ஸ்டேஜின் நிலத்தையே மாற்றும் இந்த யோசனை, 1993-க்கு மிகத் துணிச்சலானது. பெங்குவினை வென்ற பின் ஃப்ளேம் மாமத்தின் தொழிற்சாலையில் நெருப்புக் குழம்பு உறைந்துபோவதும் இப்படித்தான்.

இனி சுரங்கம். உள்ளே வௌவால் வடிவ எதிரிகள் கூரையில் தொங்கும், நெருங்கினால் பாயும். பாறையைக் குடைந்துகொண்டே நகரும் ராட்சதத் துளைப்பான் இயந்திரங்கள்தான் இங்கே உண்மையான அச்சுறுத்தல். அவற்றின் முன்பக்கத்தில் சிக்குவது பேராபத்து. பின்னாலிருந்து சுடுவதுதான் வழி. சுடும் அவசரத்தில் மிக நெருங்கிவிடக் கூடாது. இந்த ஸ்டேஜில் உயிர்க்கோட்டை நீட்டும் ஹார்ட் டேங்க் ஒன்றும், ஆற்றலைச் சேமித்துவைக்கும் சப் டேங்க் ஒன்றும் ஒளிந்திருக்கின்றன. நாலு ஸ்டேஜ்களில் மட்டுமே சப் டேங்க் உண்டு, அவற்றில் இதுவும் ஒன்று. எக்ஸின் உயிர் 16 அளவில் தொடங்குகிறது. எட்டு ஹார்ட் டேங்குகளையும் சேர்த்தால் 32 ஆகும். சுரங்கத்தில் நிதானமாக நடப்பவருக்கு லாபம் அதிகம்.

பிறகு தண்டவாள வண்டி. ஏறியதும் அது பாய்ந்து செல்லும். வண்டியில் நின்றபடியே சுடலாம், குதிக்கலாம். இங்கே செய்யக் கூடாதது, வண்டியை விட்டு அவசரப்பட்டு இறங்குவது. கடைசி வண்டி தண்டவாளம் முடியும் இடத்தில் பள்ளத்தின்மேல் பாயும். அப்போதுதான் குதித்து எதிர்ப்பக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். சுவரில் உதைத்து உதைத்து மேலேறும் திறமை எக்ஸுக்கு ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே உண்டு. அதில் விரல் பழகாதவர் அறிமுக ஸ்டேஜிலேயே கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு வருவது நல்லது. பாஸின் அறையிலும் அந்த உதைதான் உயிர் காக்கும்.

அறைக்குள் போவதற்கு முன் பட்டன் அமைப்பை ஒருமுறை சரிபார்க்கலாம். சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரில் சுடுவதும் குதிப்பதும் டாஷும் வலது கட்டைவிரலின் கீழேயே இருக்கும். சார்ஜைப் பிடித்துக்கொண்டே டாஷ் செய்ய வேண்டுமென்றால் கட்டைவிரல் திணறும். அமைப்புத் திரையில் டாஷை மேலேயுள்ள தோள் பட்டன்களில் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டால், கட்டைவிரல் சார்ஜை விடாமல் பிடித்திருக்க, ஆள்காட்டி விரல் டாஷைப் பார்த்துக்கொள்ளும். சிறிய மாற்றம்தான், ஆனால் ஆர்மடில்லோவிடம் தோற்றுக்கொண்டே இருப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

சண்டையில் ஆர்மடில்லோ செய்வது மூன்றே காரியங்கள். கவசத்தை மூடி நிற்கும். தலையிலிருந்து சிறு ஆற்றல் குண்டுகளைச் சுடும். பந்தாகச் சுருண்டு அறை முழுக்க மோதித் திரியும். மூன்றும் எந்த வரிசையில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் உடம்பில் ஓர் அசைவு தெரியும். அந்த அசைவைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதே இந்தச் சண்டையின் பாதி.

கவசம் மூடியிருக்கும்போது சாதாரணக் குண்டுகள் பட்டுத் தெறித்துப்போகும்; நஷ்டமில்லை, பயனுமில்லை. சார்ஜ் குண்டு என்றால் தொடக்கத்தில் பார்த்த சிதறல் நடக்கும். எனவே எக்ஸின் பீரங்கியில் முழுச் சார்ஜ் இருக்கும் நேரத்தில் ஆர்மடில்லோ மூடியிருந்தால், விரலை விடவே கூடாது. சார்ஜ் கையிலேயே இருக்கட்டும். அது தானாகக் கரைந்துபோகாது. ஆர்மடில்லோ எவ்வளவு நேரம்தான் மூடியே நிற்கும்? தாக்க வேண்டுமென்றால் அது திறந்துதான் ஆக வேண்டும்.

திறப்பது சுடும்போது. தலையிலிருந்து குண்டு புறப்படும் நேரத்தில் அதன் உடம்புக்கு மறைவில்லை. எக்ஸ் குதித்து அந்தச் சிறு குண்டைத் தாண்டி, காற்றில் இருக்கும்போதே சார்ஜை விட்டால் அடி விழும். இதில் நேரம்தான் எல்லாம். குண்டு கிளம்பிய பிறகு யோசித்துக் குதித்தால் ஆர்மடில்லோ மறுபடி மூடிக்கொண்டுவிடும். அது சுடப்போகும் அசைவிலேயே குதித்துவிட வேண்டும். அடி விழுந்ததும் பாஸின் உடம்பு சில கணங்கள் மினுங்கும். அந்த மினுக்கம் அடங்கும்வரை வேறெந்தக் குண்டும் அதற்கு உறைக்காது. அந்த நேரத்தில் படபடவென்று சுடுவதை நிறுத்திவிட்டு அடுத்த சார்ஜைத் தொடங்குவதே கணக்கு.

உருளல்தான் கடினம். சுருண்ட ஆர்மடில்லோ தரையில் வேகமாக வரும், சுவரில் மோதும், சாய்வாக எழும், கூரையில் பட்டுத் திரும்பும். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் ஓரத்தில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மோதல்களின் பாதை சீக்கிரம் பிடிபடும். உருண்டுவரும் உடம்பின்மேல் குண்டு வீசிப் பயனில்லை. ஓடுதான் முழுதும் வெளியே இருக்கிறதே. இந்த நேரம் தப்பிப்பதற்கு மட்டும். தரையோடு வந்தால் சுவரில் ஏறி, அதன் தலைக்கு மேலாக உதைத்து மறுபக்கம் தாவலாம். மேலே எழுந்துவிட்டால் கீழே டாஷில் கடந்துவிடலாம். சுவரில் ஏறியவர் அங்கேயே ஒட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. சுவர்தான் அதன் பாதை. ஏறியதும் தாவிவிட வேண்டும்.

எலக்ட்ரிக் ஸ்பார்க் கையில் இருந்தால் கதையே வேறு. மின்சாரம் பட்டதும் ஆர்மடில்லோ துடிக்கும். அதன் ஓடு உடைந்து உடம்பிலிருந்து கழன்று விழும். ஒரு பாஸின் தோற்றமே நடுச்சண்டையில் மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு மூடிக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. குண்டை விழுங்கித் திருப்பியடிக்கும் வித்தையும் போச்சு. உருள்வதும் சுடுவதும் மட்டும் மிச்சம். ஆனால் இந்த ஆயுதத்தின் ஆற்றல் அளவோடுதான் இருக்கும். ஆர்மடில்லோ துடித்துக்கொண்டிருக்கும்போதே கண்மூடித்தனமாக அழுத்தி வீணாக்கினால், நடுவில் காலியாகி நிற்க வேண்டிவரும். தெளிந்து எழுந்த பிறகு அடுத்ததை விட வேண்டும். எலக்ட்ரிக் ஸ்பார்க் சுவரில் பட்டால் மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்து ஓடும் என்பதையும் நினைவில் வைத்திருக்கலாம்; குறி தவறினாலும் சில நேரம் அது வேலை செய்யும்.

இந்த ஆயுதம் சண்டையை எளிதாக்குகிறது, சந்தேகமில்லை. ஆனாலும் முதல் சில முயற்சிகளையாவது வெறும் பீரங்கியோடு ஆடிப் பார்ப்பது நல்லது. ஓடு உரிந்த ஆர்மடில்லோவிடம் கற்க அதிகமில்லை. ஓடு மூடிய ஆர்மடில்லோவிடம்தான் சார்ஜைப் பிடித்து வைத்திருப்பது, எதிரியின் அசைவைப் படிப்பது, தாக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் கைக்கு வரும். இவை பிற்பாடு சிக்மாவிடம் வேண்டியிருக்கும். உயிர் தீர்ந்து தோற்றால் எரிச்சல் வரும். அப்போது எலக்ட்ரிக் ஸ்பார்க்கை எடுத்து முடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் எதுவுமில்லை; ஆட்டமே அதற்குத்தான் அந்த ஆயுதத்தைக் கொடுத்திருக்கிறது.

சிறு பிள்ளைகளோ, இதுவரை கன்ட்ரோலரே தொடாத பெரியவர்களோ ஆடுவதென்றால் 2018 ஜூலையில் வந்த ‘மெகா மேன் எக்ஸ் லெகசி கலெக்‌ஷன்’ பொருத்தமானது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், நின்டெண்டோ ஸ்விட்ச், கணினி எல்லாவற்றிலும் கிடைக்கும். அதிலுள்ள ரூக்கி ஹன்டர் முறையை இயக்கினால் எக்ஸுக்கு விழும் அடியின் வலி குறைகிறது. ஆர்மடில்லோவின் அசைவுகள் மாறாது. பார்த்துப் பழக அவகாசம்தான் கூடும். பிஎஸ்பி கருவிக்கு 2005-ல் ஜப்பானில் வந்த ‘மேவரிக் ஹன்டர் எக்ஸ்’ இதே ஆட்டத்தை முப்பரிமாண உருவங்களோடு புதுப்பித்தது. பழகியவர்களுக்கு அது நல்ல விருந்து. முதன்முறை ஆடுபவர் மூல ஆட்டத்திலிருந்தே தொடங்கட்டும். அதன் புள்ளிப் படங்களில் ஆர்மடில்லோவின் அசைவுகள் மிகத் தெளிவாகத் தெரியும்.

சுரங்கத்தில் ஒரு ரகசியமும் புதைந்திருக்கிறது. கடைசி வண்டியிலிருந்து குதித்து, பாஸின் கதவுக்குப் போகாமல் அதற்கு மேலேயுள்ள பாறைச் சுவரில் ஏறினால் உச்சியில் ஓர் இடம் உண்டு. எட்டு ஆயுதங்கள், எட்டு ஹார்ட் டேங்குகள், நான்கு சப் டேங்குகள், நான்கு கவசப் பகுதிகள் எல்லாம் சேர்த்துவிட்டு, அந்த உச்சிக்குத் திரும்பத் திரும்பப் போய், உயிர் முழுதாக இருக்கும் நிலையில் நின்றால் டாக்டர் லைட்டின் கேப்சூல் தோன்றும். வெள்ளை ஆய்வக அங்கிக்குப் பதில் கராத்தே உடையில் நிற்பார் அவர். கொடுப்பது ஹடோக்கென், கேப்காமின் இன்னொரு ஆட்டமான ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ நாயகன் ரியூவின் கையில் பிறந்த தாக்குதல். இதைப் பயன்படுத்த உயிர் முழுதாக இருக்க வேண்டும், எக்ஸ் தரையில் நிற்க வேண்டும். கீழே, கீழ்ச்சாய்வில் முன்னே, பிறகு முன்னே என்று திருப்பி, சுடும் பட்டனை அழுத்தினால் ஆர்மடில்லோ ஒரே அடியில் சாயும். மூல ஆட்டத்தின் கடவுச்சொல் இதை நினைவில் வைக்காது. கருவியை அணைத்துவிட்டுப் பிறகு தொடர்ந்தால் மறுபடி பெற்றாக வேண்டும்.

சிக்மாவின் கோட்டையில் ஆர்மடில்லோ வருவது மூன்றாம் ஸ்டேஜில். ஸ்டிங் கமீலியன், ஸ்பார்க் மாண்ட்ரில், லாஞ்ச் ஆக்டோபஸ், ஃப்ளேம் மாமத் ஆகியவையும் அதே பாதையில் அடுத்தடுத்துக் காத்திருக்கும். அவற்றுக்கெல்லாம் பின்னால் டி-ரெக்ஸ் என்ற பெரிய இயந்திரம் இருப்பதால், இங்கே வீரம் காட்டாமல் சிக்கனமாக ஆட வேண்டும். எலக்ட்ரிக் ஸ்பார்க்கைத் தயாராக வைத்துக்கொண்டு நுழைவது, முதல் அடியிலேயே ஓட்டை உரிப்பது, உயிர் குறையாமல் அடுத்த கதவுக்குப் போவது. சப் டேங்குகளை ஆர்மடில்லோவுக்காக ஒருபோதும் திறக்கக் கூடாது. அவை டி-ரெக்ஸுக்கும் சிக்மாவுக்கும்.

சுரங்கத்தில் முதல் வெற்றி கிடைத்ததும் எக்ஸின் கைக்கு வருவது ரோலிங் ஷீல்டு. ஆர்மடில்லோவின் உருளலே ஒரு குண்டாகித் தரையில் உருண்டு செல்லும். ஃப்ளேம் மாமத்தின் ஸ்டேஜில் கிடைக்கும் கைக் கவசத்தைச் சேர்த்த பிறகு இதைச் சார்ஜ் செய்து விட்டால், எக்ஸைச் சுற்றி ஒரு ஒளிக்கூடு உருவாகி, சிறிய எதிரிகளைத் தொட்டவுடன் பொசுக்கும். இந்த ஆயுதத்துக்கு மிகவும் அஞ்சுவது கடலடியில் இருக்கும் லாஞ்ச் ஆக்டோபஸ். அடுத்துப் போக வேண்டிய ஸ்டேஜ் அதுதான்.